பிரமிடு என்றால் சூடானையும் சொல்லுங்கள்

கேள்வி: பிரமிடு கட்டிய பழைய எகிப்தை ஒரு புத்தகம் ஆப்பிரிக்க நாகரிகம் என்கிறது, இன்னொன்று மத்தியக் கிழக்கில் சேர்க்கிறது, வேறொன்று கிரேக்கத்துக்கு முன்னோடி என்று ஐரோப்பிய வரலாற்றின் முதல் அத்தியாயமாக வைக்கிறது. எது சரி? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரமிடு என்றதும் உங்களுக்கு எகிப்து மட்டும்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். உங்கள் மீது அல்ல, நமக்குப் பாடம் எழுதியவர்கள் மீது. எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகப் பிரமிடுகள் சூடானில் இருக்கின்றன. மெரோவே, நூரி, எல்-குர்ரு, ஜெபல் பர்கல் என 200க்கும் மேல். கீஸாவின் பிரமிடுகளைவிடச் சிறியவை, செங்குத்தானவை. இன்றைய சூடானில் இருந்த பழைய குஷ் நாட்டின் அரசர்களும் அரசிகளும் எழுப்பியவை. 1834இல் பெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையலுக்காக மெரோவேயில் பல பிரமிடுகளின் உச்சியை இடித்துத் தள்ளினார். அரசி அமானிஷக்கேத்தோவின் தங்க நகைகள் அவர் கையில் சிக்கின. ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால், கறுப்பர்களின் நாட்டில் இவ்வளவு நுட்பமான வேலையா என்று சந்தேகப்பட்டார்கள். இன்று அவை மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன.

அந்தச் சந்தேகம் அறிஞர்களையும் விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடானின் கெர்மாவைத் தோண்டிய அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர், அங்கே கிடைத்த பெருங்கல்லறைகளைப் பார்த்துவிட்டு, இவை எகிப்திய ஆளுநர்களுடையவை என்று முடிவு கட்டினார். உள்ளூர் அரசன் ஒருவன் அவ்வளவு பெரியவனாக இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சுவிட்சர்லாந்தின் ஷார்ல் போனே அதே இடத்தில் பல பத்தாண்டுகள் உழைத்து, கெர்மா ஒரு தனி அரசின் தலைநகரம் என்று நிறுவினார். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அந்தக் குஷ் மண்ணிலிருந்து வடக்கே போன பியே, எகிப்தை வென்றான். அவன் வழியில் வந்த ஷபாகா, எகிப்தின் பழைய தலைநகரான மெம்பிஸின், பூச்சி அரித்த ஒரு பழைய நூலைக் கல்லில் வெட்டிவைத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. எகிப்தின் பழைய சமயத்தை அக்கறையோடு காத்தவர்களில் இந்தத் தெற்கத்தியரும் உண்டு. அப்படியிருக்க, எகிப்தின் தெற்கு எல்லை ஊரான அஸ்வானில் கோடு போட்டு ‘எகிப்து இங்கே முடிகிறது, ஆப்பிரிக்கா இங்கே தொடங்குகிறது’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் சொன்னார். எகிப்தை ஆப்பிரிக்காவிலிருந்து பிரித்துவிட்டு, மிச்சமுள்ள கண்டத்துக்கு வரலாறே இல்லை என்று வகுப்பெடுத்தார். அவர் காலத்தோடு அது போகவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எகிப்துக்குத் தனித் துறை. ஆப்பிரிக்கக் கலையோ பசிபிக் தீவுகளின் கலையோடு வேறொரு பகுதியில். செனகல் அறிஞர் ஷேக் அண்டா தியோப் இதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடினார். 1974இல் யுனெஸ்கோ கெய்ரோவில் கூட்டிய கருத்தரங்கிலும் வாதாடினார். பழைய எகிப்தியர் அனைவரும் கறுப்பர்கள் என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. வடக்கே கடல், கிழக்கே சினாய், தெற்கே, இன்றைய தென் எகிப்திலும் வட சூடானிலும் பரவிய நூபியா. மூன்று வழியாகவும் மக்கள் வந்து கலந்த நாடு அது. ஆனால் அவர் தொடுத்த கேள்வி நியாயமானது.

2023இல் ஓர் ஆவணத் தொடர் கிளியோபாட்ராவைக் கறுப்பினப் பெண்ணாகக் காட்டியதும் எகிப்து கொதித்தது. கிளியோபாட்ரா மாசிடோனிய வம்சத்தவள் என்று அரசே அறிக்கை விட்டது. வம்சத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 1960களில் அஸ்வான் உயர் அணைக்காக அபு சிம்பெல் கோயிலை அறுத்து மேட்டில் ஏற்றி வைத்த அதே ஆண்டுகளில், எகிப்திலும் சூடானிலுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் நூபியர்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். ராணியின் தோலுக்காகக் கொதிப்பவர்கள் இவர்களுக்காகவும் கொஞ்சம் கொதிக்கட்டும். அந்தத் தொன்மைக்கு உரிமை கேட்க இவர்களைவிடத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலத்தால் எகிப்து ஆப்பிரிக்கா. அண்டை உறவால் மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடலும்கூட. கிரேக்கர்கள் அங்கே கற்றார்கள் என்பதற்காக அதை ஐரோப்பாவின் முன்னுரையாக வைக்கும் புத்தகத்தை மூடிவிடுங்கள். மற்ற இரண்டில், குஷ் அரசுக்குக் கூடுதல் பக்கங்கள் தரும் புத்தகத்தை வாங்குங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து பறிபோனவை இந்த வரலாற்றின் மூல ஆதாரங்கள்.