கையில் டைமண்ட் 7-3 மட்டும் இருக்கும்போது 4 நோட்ரம்ப் வேண்டாம்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் உங்கள் 6 ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாக 12 பிடி எடுப்பதாகச் சொல்லும் ஏலம்) ஏன் தோற்றது என்று கேட்டிருந்தீர்கள். தவறு 6 ஸ்பேடில் இல்லை, அதற்கு முன் கேட்ட 4 நோட்ரம்பில், அதாவது பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கும் பிளாக்வுட் ஏலத்தில். நீங்கள் 1 ஸ்பேட், பார்ட்னர் 3 ஸ்பேட் என்று ஆனதும் 4 கிளப் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கை: ஸ்பேட் ஏ-கே-கியூ-8-6-4, ஹார்ட் கே-கியூ-ஜே, டைமண்ட் 7-3, கிளப் ஏ-5. பிளாக்வுட் எத்தனை ஏஸ் என்று சொல்லுமே தவிர, எந்த சூட்டில் என்று சொல்லாது. பார்ட்னரின் 5 டைமண்ட், ஒரு ஏஸ். ஹார்ட் ஏஸானாலும் டைமண்ட் ஏஸானாலும் அதே பதில்தான்! இருந்தது ஹார்ட்; எதிராளிகள் டைமண்டில் ஏஸும் கிங்கும் எடுத்துவிட்டார்கள், ஒரு பிடி குறைந்தது.

4 கிளப் என்பது கியூ பிட்: அந்த சூட்டில் ஏஸ், கிங் போன்ற தடுப்பு இருப்பதைக் காட்டும் ஏலம். பார்ட்னர் 4 டைமண்டைத் தாண்டி 4 ஹார்ட் சொல்வார். அந்தத் தாண்டலே செய்தி: டைமண்டில் ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு எதுவும் இல்லை. 4 ஸ்பேடில் நின்றுவிடுங்கள். 4 டைமண்ட் வந்தால் மட்டும் மேலே போங்கள்.

4 நோட்ரம்புக்கு முன் பார்க்க வேண்டியவை:
1. ஏலத்தில் வராத சூட்டில் இரண்டு, மூன்று சின்னச் சீட்டுகள் மட்டும் இருக்கிறதா?
2. ஏதாவது சூட் கையில் அடியோடு இல்லையா?
ஒன்றுக்கு ஆம் என்றாலும் கியூ பிட்தான்.

ஆனால் பழைய முறையில் முதல் கியூ பிட் ஏஸையோ சூட்டே இல்லாததையோ மட்டும் காட்டும். அதில் தாண்டினாலும் கிங் இருக்கலாம். எந்த முறை என்று பார்ட்னரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பார்ட்னரின் டைமண்டில் ஏஸ் இல்லாமல் கிங் மட்டும் என்றால் இன்னொரு சிக்கல்: அது டம்மியில் (மேசையில் திறந்து வைக்கும் பார்ட்னரின் கையில்) விழும், அதற்குப் பின்னால் ஆடும் எதிராளியிடம் ஏ-கியூ உட்கார்ந்திருந்தால் இரண்டு பிடியும் போகும்.