பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு வெளியே நிற்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது முடிந்து பத்து மாதம் ஆகிறது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான், தடுக்கப் போனால் கடிக்கிறான். ஒரு தனியார் மருத்துவமனையின் மனநல வார்டில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால், "பெற்றவர்கள் கூட இருந்தால் அடம் அதிகமாகும், பத்து நாள் வராதீர்கள்" என்கிறார்கள். அங்கே அறிமுகமான ஒருவர், "எனக்குத் தெரிந்த ஹோம் இருக்கிறது, முன்பணம் கட்டினால் அவர்களே வந்து கூட்டிப் போவார்கள்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், சேலம் மாவட்டம்

பதில்: கூடவே இருங்கள் அம்மா. இது மருத்துவமனையின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமே இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அட்மிட் செய்வது பற்றியது. பெற்றோரோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, சேர்த்த நேரத்திலிருந்து டிஸ்சார்ஜ் வரை பிள்ளையுடன் இருந்தே ஆகவேண்டும் என்கிறது அது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அவனைப் படுக்க வைக்கக் கூடாது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநலத் துறை நிபுணரோ, தனித்தனியாகப் பார்த்து 'சேர்க்கத்தான் வேண்டும்' என்று முடிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதம் தருவது நீங்கள். வேண்டாம், அழைத்துப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால் அனுப்பிவிட வேண்டும். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் "பத்து நாள் வராதீர்கள்" என்று சொல்கிற வார்டுகள் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 87ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு வழிக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது அந்த ஹோம் ஆள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது மகனின் நிலை அல்ல, இந்த மனிதர்தான். மருத்துவமனை வாசல், டீக்கடை, ஸ்கேன் சென்டர் என்று எங்கும் இவர்கள் நிற்கிறார்கள். மூன்று வாரம் தூங்காத தாயின் முகத்தைப் பார்த்தாலே இவர்களுக்குப் புரிந்துவிடும். ராத்திரியில் வேன் வரும், நாலு பேர் இறங்கிப் பிள்ளையைத் தூக்கிப் போவார்கள், முதல் மாதம் பார்க்க விடமாட்டார்கள். பேசத் தெரியாத பையன் உள்ளே நடந்ததைத் திரும்பி வந்து எப்படிச் சொல்வான்? குடிப்பழக்கத்துக்கான மையங்களில்கூட ஆட்டிசப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைக்கிறார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு எரிந்து இறந்த 28 பேரையும் அவர்கள் வீட்டார் நம்பித்தான் விட்டு வந்தார்கள். மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். இதே ஆட்கள் அடுத்து ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

வார்டுக்குள் உங்கள் வேலை, அவனுக்கு வாயாக இருப்பது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: வலித்தால் என்ன செய்வான், எந்தச் சத்தம் ஆகாது, எதைச் சாப்பிடுவான், எதைக் கொடுத்தால் அடங்குவான், தொடும் முன் என்ன சொல்ல வேண்டும். ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள், ஒன்றைக் கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி நர்ஸ் மாறும்போது நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவனுடைய போர்வை, தட்டு, காதை மூடும் ஹெட்போன் எல்லாம் கூடவே வரட்டும்.

மருந்தின் டோஸைக் கூட்டும் முன் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல் வலியைச் சொல்லத் தெரியாமல் சுவரில் முட்டுகிற பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த வயதில் வலிப்பு தொடங்குவதும் உண்டு. வெறித்துப் பார்ப்பது, கை கால் திடீரென்று வெட்டி இழுப்பது இருந்தால் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் போன்ற மருந்துகள் ஆக்ரோஷத்தைத் தணிக்கும், ஆட்டிசத்தை மாற்றாது. மருந்துக்குப் பின் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, நாக்கு தள்ளினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரை எழுப்புங்கள். அதைச் சரிசெய்ய ஊசி இருக்கிறது. கட்டிப்போட்டால் யார் உத்தரவு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அது பதிவாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டவே கூடாது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல், அவன் பிறந்தநாள். இன்னும் இரண்டு மாதத்தில் 18 முடிகிறது. அன்றோடு மேலே சொன்ன 87ஆவது பிரிவு அவனுக்குப் பொருந்தாது. கூடவே தங்கும் கட்டாயமும் அத்தோடு போய்விடும். சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், அவன் சம்மதத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். படம், சைகை என்று அவனுக்குப் புரியும் வழியில் கேட்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. அவனால் தனியாக முடிவெடுக்க இயலாத நிலை என்றால், அதே சட்டத்தின் 89ஆவது பிரிவின்படி முதலில் 30 நாள் வரை வார்டில் வைத்துப் பார்க்கலாம். அவன் வேறு யாரையும் எழுதிக் கொடுக்காத வரை, நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவனுக்குத் துணை நிற்பவர் என்ற இடம் உறவினரான உங்களுக்கு வரும். ஆனால் சட்டப்படியான காப்பாளர் என்பது தானாக வராது. அதற்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் ஜன்னலுக்கு ஜன்னல் அலையவிடுவார்கள், பெற்றவர்களுக்கு இப்படி ஒரு அலைச்சல் தேவையே இல்லை. ஆகவே மாற்றுத்திறனாளி சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்று மூன்றையும் இப்போதே ஒரே கவரில் போட்டு வைத்து, 18 முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். அட்மிஷன் அன்றே பிறந்த தேதியைச் சொல்லி, அந்த நாளில் அவன் வார்டில் இருந்தால் எந்தப் பிரிவுக்கு மாற்றுவீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் நள்ளிரவில் சமாளிக்க முடியாமல் போனால் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். ஹோம் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், மகனின் போட்டோவோ ஆதார் நகலோ அனுப்பாதீர்கள்.