கல் வந்தது தெரியும். வணிகம் நடந்தது தெரியுமா?

கேள்வி: எங்கோ உள்ள எரிமலைக் கல் வேறெங்கோ ஒரு குழியில் கிடைத்தால் போதும், ‘வரலாற்றுக்கு முந்தைய வணிக வலைப்பின்னல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கல்வெட்டும் இல்லை, கணக்கும் இல்லை. இது ஆய்வா, ஊகமா?

பதில்: இரண்டும் உண்டு. எது வரை ஆய்வு, எங்கிருந்து ஊகம் என்று சொல்லாத செய்திகள் மேல் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். அதை ஆய்வாளர்கள் மேல் காட்டுவது நியாயமில்லை. ‘எங்கிருந்து வந்தது’ என்பது ஒரு கேள்வி, ‘எப்படி வந்தது’ என்பது வேறு கேள்வி. முன்னதற்கு ஆய்வகம் பதில் தரும். பின்னதற்கு அகழாய்வுக் குழிதான் பதில் தர வேண்டும்.

முதல் கேள்விக்கு வாய்ப்பான பொருள் அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடி. ஒரே குழம்பு உறைந்தது என்பதால் அதன் கலவை ஒரு மூலத்துக்குள் பெரும்பாலும் சீராக இருக்கும். அடுத்த எரிமலையில் மாறிவிடும். ருபிடியம், ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் போன்ற தனிமங்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என அளந்து மூலப் பாறைகளோடு ஒப்பிடுகிறார்கள். கேன், ரென்ஃப்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964இல் மத்தியதரைக் கடல் பகுதிக்கு இப்படிச் செய்துகாட்டினார்கள். இன்று எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி சில நிமிடங்களில், கல்லைச் சிதைக்காமல் அளந்துவிடுகிறது.

பிழையும் அங்கேயே நுழைகிறது. சில்லு 2-3 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால் கதிர் அதை ஊடுருவிப் போய்விடும். கருவி சிர்க்கோனியத்தின் அளவைக் குறைத்துக் காட்டும். கவனிக்காவிட்டால், உலகில் இல்லாத ஒரு ‘புதிய மூலம்’ பிறந்துவிடும். அதனால் மெல்லிய சில்லுகளில் தனிமங்களுக்கு இடையிலான விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும். கலவை தெரிந்த ஒரு மாதிரியை அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துக் கருவி பிசகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இவ்வளவும் செய்த பின் சொல்லக்கூடியது, ‘தெரிந்த மூலங்களில் இதோடு பொருந்துகிறது’ என்பது மட்டுமே. மாதிரி எடுக்கப்படாத எரிமலை ஒப்பீட்டுக்கே வராது.

செம்பில் சிக்கல் அதிகம். செம்பில் கலந்திருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் அணு வகைகள்) எந்த விகிதத்தில் உள்ளன என்பது தாதுப் பகுதியைக் காட்டும். ஆனால் பழைய பொருள்களைச் சேர்த்து உருக்கியிருந்தால் இரண்டு பகுதிகளின் விகிதமும் கலந்துபோகும். பானை என்றால், அதன் ஓட்டுத் துண்டை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, களிமண்ணில் கலந்த மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

மூலம் தெரிந்தால் வணிகம் என்று ஆகிவிடுமா? கிரேக்கத்தின் ஃபிராங்க்தி குகையில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் மெலோஸ் தீவின் அப்சிடியன் கிடைத்தது. மெலோஸ் அன்றும் தீவுதான். ஆகவே யாரோ கடல் கடந்திருக்கிறார்கள். பண்டமாற்றா, தாங்களே போய் எடுத்துவந்தார்களா என்பதை வேதியியல் சொல்லாது.

அதற்குக் கல்லை உடைத்த கழிவைப் பார்க்க வேண்டும். கல் முழுக்கட்டியாக வந்த ஊரில், வெளித்தோல் ஒட்டிய முதல் சில்லுகளும், உடைத்து உடைத்துச் சிறுத்த தாய்க்கல்லும் கிடக்கும். பல கை மாறி வந்த ஊரில் அவை அருகிவிடும். திரும்பத் திரும்பக் கூர்தீட்டித் தேய்ந்த அலகுகளும் தீட்டும்போது தெறித்த துணுக்குகளும்தான் இருக்கும். அந்தத் துணுக்குகள் 6 மி.மீ. கண் உள்ள சல்லடையில் பெரும்பாலும் விழுந்து போய்விடும். பிறகு ‘இங்கே தீட்டும் வேலை நடக்கவே இல்லை’ என்று அறிக்கை வரும். இந்த ஆய்வில் மிகச் சாதாரணமாக நடக்கும் இழப்பு இது. மண்ணைக் கொட்டிய பின் திருத்தவும் முடியாது.

அடுத்தது தூரக் கணக்கு. மேற்கு ஆசியாவில் மூலத்திலிருந்து சுமார் 300 கி.மீ. வரை உள்ள புதிய கற்கால ஊர்களில், உடைத்துச் செய்த கற்கருவிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அப்சிடியன். அதைத் தாண்டினால் பங்கு மளமளவென்று சரிகிறது. ஒவ்வோர் ஊரும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டது என்று ரென்ஃப்ரூ இதை விளக்கினார். அழகான விளக்கம்தான். ஆனால் வெவ்வேறு விதமான பரிமாற்றங்கள் ஒரே மாதிரிச் சரிவைத் தரக்கூடும் என்று தொல்லியலாளர்கள் ஹாடரும் ஆர்ட்டனும் 1970களில் காட்டினார்கள். சரிவுக் கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

கிடந்த இடமும் முக்கியம். அமெரிக்காவின் ஒஹாயோவில், ஹோப்வெல் எனும் பழங்குடிப் பண்பாட்டின் மண்மேடு ஒன்றில் மட்டும் சுமார் 136 கிலோ அப்சிடியன் குவிந்திருந்தது. ஹோப்வெல் அப்சிடியனில் பெரும்பகுதி 2,000 கி.மீ.க்கு அப்பால் உள்ள யெல்லோஸ்டோன் பாறையிலிருந்து வந்தது. இடைவழியில் உள்ள ஊர்களில் கிடைப்பதோ சொற்பம். கைமாறி வந்த சரக்கு இப்படிக் குவியாது. ஒன்றோ சிலவோ நீண்ட பயணங்களில் நேரே கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்து அதனால்தான் எழுந்தது.

ஆளே இடம் மாறியிருந்தால்? பல் எனாமலின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு குழந்தைப் பருவத்து நிலத்தைக் காட்டும். அது புதைந்த இடத்து மண்ணோடு பொருந்தாவிட்டால், நகர்ந்தது பானையா, பானை செய்தவரா என்று கேட்டாக வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் ‘வலைப்பின்னலை’ வரைந்து காட்டும் படங்களில் ஊர்களை இணைக்கும் கோடு பாதை அல்ல. இரண்டு ஊர்களின் பானை, கல் வகைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கோடு போடுகிறார்கள். அந்த அளவைச் சற்று ஏற்றினால் பாதிக் கோடுகள்கூட மறையலாம். எந்த அளவில் வரைந்தார்கள், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை ஓடுகளை எண்ணினார்கள் என்று படத்தின் கீழ் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சந்தேகம் சரியானதே.