பெரிய கூல்டிரிங்ஸ் கம்பெனி வேலை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். நான் மதுரை வில்லாபுரம். ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் கம்பெனில 19 வருஷம் இருந்தேன், முதல் 7 வருஷம் பிளாண்ட்ல பாட்டில் லைன், பெறகு சேல்ஸ், திருமங்கலம் உசிலம்பட்டி மேலூர்னு சுத்துப்பட்டு பூரா அலைஞ்சிருக்கேன். கம்பெனி பேரு வேணாம். ஐடிஐ, டிகிரி முடிச்ச பசங்க நெறைய பேரு இந்த வேலையப் பத்தி கேக்குறாங்க, அதான் எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிடுறேன்.

உசிலம்பட்டி தம்பி: அண்ணே, ஐடிஐ ஃபிட்டர் முடிச்சிருக்கேன். ஒரு ஏஜென்சில கூப்பிட்டு, பெரிய கம்பெனி, சட்டை கூட கம்பெனி சட்டைதான்னு சொல்றாங்க. சேரலாமா?

தம்பி, சட்டைய விடு, சம்பள ஸ்லிப்புல யாரு பேரு வரும்னு மொதல்ல கேளு. இந்தத் தொழில்ல ஒரே பாட்டிலுக்குப் பின்னாடி நாலு முதலாளி இருப்பாங்க. பிராண்டு ஒருத்தர் கையில இருக்கும், அவங்க கான்சென்ட்ரேட், அதாவது டேஸ்ட்டுக்கான மூலச்சரக்கு, மட்டும் தருவாங்க. அதுல சீனிப்பாகு, தண்ணி, கேஸ் சேத்து பாட்டில் போடுறது வேற கம்பெனியா இருக்கலாம், பெப்சியவே எடுத்துக்க, இந்தியாவுல பெரும்பாலும் பாட்டில் பண்றது வருண் பெவரேஜஸ். அந்த பிளாண்டுக்குள்ள ஆள் வைக்கிறது காண்ட்ராக்டர். வெளிய சரக்கு எறக்குறது டிஸ்ட்ரிபியூட்டர். நாலு பேருகிட்டயும் வேலை பாக்குறவன் ஒரே சட்டைதான் போட்டிருப்பான், ஆனா போனஸு, லீவு, நிரந்தரம் எல்லாம் நாலு விதம். நான் சேந்தப்ப மொத 3 வருஷம் காண்ட்ராக்ட் ரோல்தான், அது எனக்கே 8 மாசம் கழிச்சுதான் தெரியும், வீட்ல எல்லாருகிட்டயும் கம்பெனில சேந்துட்டேன்னு ஸ்வீட் குடுத்தாச்சு. காண்ட்ராக்ட்னா சேராதன்னு சொல்லல, தெரிஞ்சு சேரு. ஆஃபர் லெட்டர் கேளு, பிஎஃப் நம்பர் எப்ப வரும்னு கேளு. அப்ரண்டிஸா கம்பெனியே எடுத்தா அதை விடாத, ஃபிட்டருக்கு மெஷின் கத்துக்க அதுதான் நல்ல வழி.

வாடிப்பட்டி: பிளாண்ட்ல லைன் வேலை எப்டி இருக்கும்? ரொம்ப கஷ்டமா?

பிளாஸ்டிக் பாட்டில் லைன் பரவாயில்ல, சின்ன டியூப் மாதிரி இருக்க ப்ரீஃபார்மை சூடு பண்ணி ஊதி பாட்டில் ஆக்கி அப்படியே ஃபில்லருக்குப் போயிரும், மெஷின் ஆளு பாத்துக்கலாம். கண்ணாடி பாட்டில் லைன்தான் ஆளைத் தின்னுரும். கடையில இருந்து திரும்பி வர்ற பாட்டில்ல பீடித்துண்டு, பூச்சி, ஸ்ட்ரா எல்லாம் கெடக்கும், அதை வாஷர்ல காஸ்டிக் சோடா போட்ட சுடுதண்ணில, 60, 70 டிகிரில கழுவி எடுப்பாங்க. அதுக்கப்புறம் சைட்டர்னு ஒரு எடம், பளீர்னு லைட்டு போட்ட வெள்ளத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து ஒவ்வொரு பாட்டிலா ஓடுறதைப் பாக்கணும், கீறலோ அழுக்கோ இருந்தா எடுக்கணும். 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாத்தணும்னு எங்க லைன்ல விதி, சீசன்ல ஆள் பத்தலன்னா அரை மணி, முக்கா மணின்னு போகும். வீட்டுக்குப் போய் கண்ண மூடுனாலும் பாட்டில் ஓடிட்டே இருக்கும். சத்தம் வேற, கண்ணாடியும் கண்ணாடியும் மோதுற சத்தம். காதுல பிளக் குடுப்பாங்க, தயவு செஞ்சு போடுங்க. எங்க செட்டுல போடாம இருந்த ரெண்டு பேருக்கு இன்னைக்கு போன்ல பேசுறது கேக்காது.

இன்னொண்ணு அம்மோனியா. கூலிங்குக்கு அதான் ஓடும், ஏன்னா தண்ணி நல்லா சில்லுன்னு இருந்தாத்தான் கேஸ் அதுல தங்கும். சேந்த மொத நாளே காத்து காட்டுற அந்தத் துணிக்கொழா எங்க தொங்குதுன்னு பாத்து வச்சுக்கங்க. லீக்னு சைரன் அடிச்சா காத்து போற தெசையிலயே ஓடக்கூடாது, காத்துக்குக் குறுக்க ஓடித் தப்பிச்சு காத்து வர்ற பக்கமா போய் நிக்கணும், மூக்குல ஈரத்துணி. ட்ரில் நடக்கும்போது டீ குடிக்கப் போயிராதீங்க.

மேலூர்: உள்ள வேலை பாக்குறவங்களுக்கு கூல்டிரிங்ஸ் ஃப்ரீயாண்ணே?

எங்க பிளாண்ட்ல ஃப்ரீதான். சேந்த புதுசுல ஷிஃப்டுக்கு 3, 4 குடிச்சேன். ஒரு 250 மில்லி கோலால சுமாரா 26 கிராம் சீனி இருக்கும், அஞ்சு ஸ்பூனுக்கு மேல. கணக்கு போட்டுப் பாத்தப்பதான் பயமாயிருச்சு, நிறுத்திட்டேன். வீட்ல இருந்து மோரு கொண்டு போங்க தம்பி.

செல்லூர் தங்கச்சி: பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிக்கப் போறேன். லேப்ல பொண்ணுங்கள எடுப்பாங்களா?

எடுப்பாங்கம்மா, குவாலிட்டில நல்ல வேலை. பிரிக்ஸ் பாக்கணும், அதாவது சீனி அளவு, அதுக்கு முன்னாடி சாம்பிள்ல கேஸ் முழுக்கப் போயிருக்கணும், இல்லன்னா ரீடிங் தப்பா வரும், இண்டர்வியூல இதைக் கேப்பாங்க. பாட்டிலுக்குள்ள பிரஷர், டெம்பரேச்சர் ரெண்டும் எடுத்து சார்ட் பாத்து கேஸ் வால்யூம், அதாவது எவ்ளோ கேஸ் கரைஞ்சிருக்குன்னு, சொல்லணும், மூடி எவ்ளோ இறுக்கமா இருக்குன்னு டார்க் பாக்கணும், தண்ணில குளோரின் பாக்கணும். ராத்திரி ஷிஃப்ட் உன் சம்மதம் இல்லாம போடக்கூடாது, போட்டா வீடு வரைக்கும் வண்டி விடணும். அதை சேரும்போதே எழுத்துல வாங்கிக்கம்மா. லேப்ல நீ "இந்த பேட்ச் சரியில்ல, ஹோல்ட்"னு சொன்னா ப்ரொடக்சன் ஆளுங்க கத்துவாங்க, பணிஞ்சு போகாத. எங்க பிளாண்ட்ல ஒரு அக்கா இருந்தாங்க, லைனையே நிப்பாட்டுவாங்க, மேனேஜர் வந்தாலும் ரீடிங்கைத்தான் காட்டுவாங்க. அவங்க மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை.

திருமங்கலம்: சேல்ஸ்ல டார்கெட் டார்ச்சர்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். காலைல 8 மணிக்கு மீட்டிங், அன்னைக்கு பீட்ல, அதாவது நாம போற ரூட்ல, 40 கடைன்னா எத்தனை கடைல பில்லு விழுந்துச்சு, புது பிளேவர் எத்தனை வச்சன்னு சாயங்காலம் கேப்பாங்க, அதெல்லாம் கூட சரி, வேலைதான. பிரச்சன மாசக் கடைசி. 25ஆம் தேதி தாண்டினா மேல இருந்து பிரஷர் வரும், கம்பெனி எக்சிகியூட்டிவ் போய் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில சரக்கை எறக்குவாரு, டிஸ்ட்ரிபியூட்டர் நம்மகிட்ட தள்ளுவாரு, நம்ம பழகின கடைக்காரர் அண்ணாச்சிகிட்ட போய் "பில்லு மட்டும் போட்டுக்கிறேன், ஒண்ணாந்தேதி திருப்பி எடுத்துக்கிறேன்"னு நிப்போம். அப்படி ஒரு வருஷம் கத்திரி வெயில்ல, சரக்கு பறக்கும்னு நம்பி ஸ்கீம் பணத்தை, அதாவது கம்பெனி கடைக்குத் தர வேண்டிய தள்ளுபடியை, நானே கையில இருந்து கடைகளுக்குக் குடுத்தேன், 38,000 ரூபா. கிளைம் வரும்னாங்க. ரெண்டு நாள் மழை பெஞ்சுச்சு, சேல்ஸ் படுத்துருச்சு, அந்த எக்சிகியூட்டிவும் மாத்தலாகிப் போயிட்டாரு, கிளைம் வர 7 மாசம், அதுலயும் முழுசா வரல. வீட்டுக்காரம்மா வளையல் அடகுல கெடந்துச்சு. அதனால சொல்றேன், சொந்தக் காசை மட்டும் ஸ்கீம்ல போடாதீங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க, மெயிலோ வாட்ஸப்போ எழுத்துல வந்தாத்தான் குடுங்க.

ஆனா சேல்ஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயமும் இருக்கு. சித்திரைத் திருவிழா. எதிர்சேவை அன்னைக்கு மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் ரோடு பூரா ஜனம், வண்டி நொழைய முடியாது, அதனால முந்தின நாள் ராத்திரியே கடை கடையா சரக்கு எறக்கி ஐஸ் போட்டு வச்சிரணும். விடிய விடிய வேலை. அழகர் வர்றப்ப லோடுமேன், டிரைவர், நான்னு எல்லாரும் வண்டி மேல ஏறி நின்னு கும்பிடுவோம்.

கீழவாசல்ல கடை வச்சிருக்கேன்: கம்பெனி கூலர்ல வேற சரக்கு வச்சா உங்க ஆளு வந்து சண்டை போடுறாரு.

அண்ணாச்சி, கூலர் குடுக்கும்போது கையெழுத்து வாங்கின பேப்பர்ல அவங்க சரக்கு மட்டும்தான் வைக்கணும்னு இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பலன்னா அந்தப் பையனுக்கு இன்சென்டிவ் கட். அவன் மேல கோவப்படாதீங்க. ஆனா உங்ககிட்ட சத்தம் போட அவனுக்கு உரிமை இல்ல, அதை அவன் எக்சிகியூட்டிவ்கிட்ட சொல்லுங்க. இன்னொண்ணு, வாசல் வெயில்ல பாட்டில் பெட்டிய அடுக்காதீங்க. பிளாஸ்டிக் வழியா கேஸ் மெல்ல வெளிய போகும், சூட்டுல இன்னும் வேகமா போகும், சின்ன பாட்டில்ல சீக்கிரம் போகும்.

அலங்காநல்லூர்: 2017ல ஜல்லிக்கட்டு போராட்டத்துக்குப் பெறகு கடைகள்ல கோக், பெப்சி விக்க மாட்டோம்னாங்களே, அப்ப உங்களுக்கு எப்டி இருந்துச்சு?

மார்ச் 1ல இருந்து விக்கிறதில்லன்னு வணிகர் சங்கங்கள் அறிவிச்சாங்க, சரியா சீசன் தொடங்குற நேரம். கூல்டிரிங்ஸ் கம்பெனிங்க தாமிரபரணி தண்ணி எடுக்குறதப் பத்தின கேஸும் அப்பதான் மதுரை ஐகோர்ட்டுல நடந்துச்சு. எல்லா பெரிய கம்பெனி ஆளுங்களுக்கும் அடிதான், பழகின கடைல கூட "இப்போதைக்கு வராதப்பா"ன்னாங்க. எனக்கு கோவம் வரல. ஜனவரில அந்தப் போராட்டத்துல என் பையனே தமுக்கம் மைதானத்துல ராத்திரி பகலா உக்காந்திருந்தான், நான் அவனுக்கு சாப்பாடு கொண்டு போனேன். அதே கையால காலைல போய் டார்கெட் கேக்கணும். மனசு ரெண்டாப் போச்சு. விருதுநகர்ல 1916ல ஆரம்பிச்ச காளிமார்க்கோட பொவண்டோ எல்லாம் அந்தக் கோடையில நல்லா போச்சு, நம்ம ஊரு சரக்குதான, போகட்டும்னுதான் தோணுச்சு. இன்சென்டிவ் மட்டும் 4 மாசம் இல்ல, பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட கடன் வாங்கினேன்.

சிவகங்கை: 8 வருஷம் வேலை பாத்துட்டேன், ரிசைன் பண்ணா என்ன வரும் சார்?

5 வருஷம் தாண்டினதால கிராஜுவிட்டி உண்டு. கடைசி பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேத்து, அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கணும், அது ஒரு வருஷத்துக்கு. பேசிக் 13,000ன்னா வருஷத்துக்கு 7,500, 8 வருஷத்துக்கு 60,000. பிஎஃப் பாஸ்புக்கை உமாங் ஆப்ல இன்னைக்கே பாருங்க, உங்க 12 சதவீதம் பிடிச்சது மாசா மாசம் ஏறியிருக்கான்னு. காண்ட்ராக்டர் பிடிச்சுட்டு கட்டாம விட்டிருந்தா சொக்கிகுளம் லேடி டோக் காலேஜ் ரோட்டுல இருக்க பிஎஃப் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, காண்ட்ராக்டர் கட்டலன்னா வேலை வாங்கின கம்பெனிதான் பொறுப்பு. 10 வருஷம் ஆனா பென்சன் தகுதி வரும், அதனால அடுத்த வேலைல பிஎஃப்புக்கு இப்ப இருக்க அதே யுஏஎன் நம்பரைக் குடுங்க, புதுசு போடாதீங்க.

பெயர் வேணாம், ஒரு சகோதரி: என் வீட்டுக்காரருக்கு பாட்டில் வெடிச்சு கையில 11 தையல். சேந்து 20 நாள்தான் ஆச்சு. காண்ட்ராக்டர், இன்னும் ஈஎஸ்ஐ வராது, வீட்ல ரெஸ்ட் எடுன்னு 2,000 ரூபா குடுத்து அனுப்பிட்டாரு.

தங்கச்சி, அவரு சொல்றது தப்பு. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா சேந்த நாள்ல இருந்தே ஈஎஸ்ஐல பதியணும். வேலை எடத்துல காயம்னா எத்தனை நாள் பணம் கட்டியிருக்குன்னு பாக்கக் கூடாது, முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் வரும். பதியாம விட்டிருந்தா அது அவங்க குத்தம், உங்க குத்தம் இல்ல.

இப்ப செய்ய வேண்டியது, கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளம் வந்த மெசேஜ், தையல் போட்ட ஆஸ்பத்திரி சீட்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அன்னைக்கு கூட நின்ன ரெண்டு பேரு பேரை எழுதி வைங்க. ஆக்சிடென்ட் ரிப்போர்ட் போடச் சொல்லி காண்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் ரெண்டு பேருக்குமே எழுத்துல குடுங்க. வெள்ளப் பேப்பர் எதுலயும் அவரைக் கையெழுத்து போட விடாதீங்க. தத்தனேரி ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் கையைக் காட்டுங்க, விரல் மடக்க முடியுதான்னு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, நரம்புல பட்டிருந்தா லேட் பண்ணக் கூடாது. நாளைக்கு வெள்ளன போயிருங்க. டாக்டர் என்னா சொன்னாருன்னு வந்து சொல்லும்மா, மத்த கேள்விய நான் அப்பறம் பாத்துக்கிறேன்.