பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் இனிஷியல்

அண்ணாச்சி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல், அதனால் தத்தெடுப்புக் கோப்பை ஏஜென்சி திருப்பி அனுப்பிவிட்டது, தூக்கமே இல்லை என்று டல்லாஸிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நம்ம திருநெல்வேலிப் பக்கம் பாதிப் பேருக்கு இதே கதைதான். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அங்கேயே நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதி, டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில், அதாவது அதிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா 2005 முதல் அதை ஏற்கிறது. சான்றிதழையே திருத்துகிறேன் என்று ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நாலு மாசம் அலைந்தவன் நான், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அப்புறம், ஊர்க்காரர் பேச்சைக் கேட்டுத் தத்துப் பத்திரம் மட்டும் பதிந்துவிட்டுக் குழந்தையை அழைத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் (CARA) தடையில்லாச் சான்று கட்டாயம். தத்தெடுப்பு உத்தரவு போடுவதும் கோர்ட் கிடையாது, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர்தான்.