ஃபிராக்கிங் விவாதத்தில் பணம் எங்கே வேலை செய்கிறது?

கேள்வி: ஃபிராக்கிங்கால், அதாவது ஆழத்துப் பாறையை நீரழுத்தத்தால் விரிசல் விட வைத்து எரிவாயு எடுப்பதால், நிலத்தடி நீர் கெடுகிறதா, இல்லையா? ஆளுக்கொரு ஆய்வைக் காட்டுகிறார்கள். இதில் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் செல்வாக்கு எவ்வளவு? யாரைத்தான் நம்புவது?

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், பிங்காம்டன் பக்கம். நியூயார்க் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் நகரத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் வர வேண்டும். ஆனால் பென்சில்வேனியா எல்லை கால் மணி நேரம்தான். பூமிக்கடியில் இரண்டு பக்கமும் ஒரே பாறை, எரிவாயு பொதிந்த மார்செல்லஸ் ஷேல். அந்தப் பக்கம் மலைக்கு மலை எரிவாயுக் கிணறுகள். இந்தப் பக்கம் 2014 டிசம்பரில் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோவின் அரசு ஃபிராக்கிங்குக்குத் தடை போட்டது. 2020இல் அது சட்டமாகவே ஆகிவிட்டது. பாறையும் ஒன்று, கையில் இருந்த ஆய்வுகளும் ஏறக்குறைய ஒன்றுதான், முடிவு மட்டும் நேரெதிர். இது எப்படி நடந்தது என்று பல வருடமாகத் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் நேரடிப் பதில். சில இடங்களில் தண்ணீர் கெட்டிருக்கிறது, அதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. எல்லா இடத்திலும் கெடவில்லை. செல்வாக்கு என்று கேட்டால், நிறுவனங்களின் பணம் பச்சைப் பொய் சொல்வதற்குச் செலவானது குறைவு. உண்மை ஓரிடத்தில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நிறையச் செலவாகியிருக்கிறது.

இது புரிய, தொழில் நடக்கும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஷேல் பாறை இங்கே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதுவரை செங்குத்தாகத் துளையிட்டு, பிறகு பாறைக்குள்ளேயே படுக்கை வாட்டில் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போவார்கள். ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் என்பது சாதாரணக் கணக்கு. அதோடு மணலும் ரசாயனங்களும் சேர்த்து, பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் விட வைப்பார்கள். அந்த விரிசல் வழியாக மீத்தேன் வெளியே வரும். வீடுகளின் குடிநீர்க் கிணறு நூறு மீட்டர் போனாலே அதிகம். "அவ்வளவு ஆழத்தில் விழும் விரிசல் உங்கள் கிணறு வரை எப்படி ஏறும்?" என்று நிறுவனங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆனால் எரிவாயுக் கிணறே நம் நிலத்தடி நீர்ப் படுகையைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போகிறது. கிணற்றுக்குள் இறக்கும் கேசிங் பைப்புக்கும் பாறைக்கும் நடுவே ஊற்றும் சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், இடைப்பட்ட அடுக்குகளிலிருக்கும் வாயு அந்த இடுக்கு வழியாக மேலே வந்துவிடும்.

எங்களுக்குத் தெற்கே, பென்சில்வேனியாவில் உள்ள டிமக் என்ற சின்ன ஊரில் நடந்தது இதுதான். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு மூதாட்டியின் வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்து, மேலே போட்டிருந்த கான்கிரீட் பலகை தூக்கி வீசப்பட்டது. கேபட் ஆயில் அண்ட் கேஸ் நிறுவனத்தின் கிணறுகள் சரியாகக் கட்டப்படவில்லை, அவற்றிலிருந்துதான் மீத்தேன் குடிநீருக்குள் வந்தது என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை முடிவு செய்தது. 2010இல் ஒன்பது சதுர மைல் பரப்பில் புதிதாகத் துளையிடத் தடை விதித்தது. 2012இல் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈபிஏ) 64 வீட்டுக் கிணறுகளைச் சோதித்துவிட்டு, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று போய்விட்டது. "பார்த்தீர்களா, எல்லாம் வதந்தி" என்று அதைத் தூக்கிக் காட்டாத எரிவாயு ஆதரவாளர் இல்லை. 2016இல் இன்னொரு மத்தியச் சுகாதார முகமை அதே மாதிரிகளின் முடிவுகளை எடுத்துப் படித்தது. சில கிணறுகளில் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்கு ரசாயனங்களும், சிலவற்றில் வெடிக்கும் அபாயமுள்ள அளவுக்கு மீத்தேனும் இருந்தன என்று அது சொன்னது. தண்ணீர் அதே தண்ணீர்தான். கடைசியில் 2022 நவம்பரில், கேபட்டின் அப்போதைய வடிவமான கோட்டெரா நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்று, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல் தருவதாக ஒப்புக்கொண்டது. பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அதே சமயத்தில், தடையிருந்த பகுதிக்கு அடியில் மறுபடி துளையிட மாநிலத் துறை சத்தமில்லாமல் அனுமதியும் கொடுத்தது. எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, பணம் எங்கே வருகிறது?

முதல் இடம் சட்டம். 2004இல் ஈபிஏ ஓர் ஆய்வு வெளியிட்டு, நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காகச் செய்யும் ஃபிராக்கிங்கால் குடிநீருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றது. அதே முகமையின் டென்வர் அலுவலகத்தில் வேலை பார்த்த பொறியாளர் வெஸ்டன் வில்சன், அந்த ஆய்வை மதிப்பிட்ட ஏழு பேர் குழுவில் ஐந்து பேருக்குத் தொழில்துறையோடு நலன்சார் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். எடுபடவில்லை. 2005 எரிசக்திச் சட்டம், டீசல் கலக்காத ஃபிராக்கிங் திரவங்களைப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. இங்கே எல்லோரும் இதை 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்றுதான் சொல்வார்கள். ஃபிராக்கிங் தொழிலின் முன்னணி நிறுவனமான ஹாலிபர்ட்டனின் தலைவராக 2000 வரை இருந்தவர், அப்போதைய துணை அதிபர் டிக் செனி. இந்த விலக்கின் விளைவைக் கவனியுங்கள். சட்டம் பொருந்தாது என்றால் அந்தச் சட்டப்படியான அனுமதி இல்லை, கண்காணிப்பு இல்லை, அறிக்கை இல்லை. பத்து வருடம் கழித்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது ரொம்ப எளிது.

இரண்டாவது, பல்கலைக்கழகம். 2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி நிறுவனம், ஃபிராக்கிங் நிலத்தடி நீரைக் கெடுத்ததற்கு ஆதாரமில்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்கச் செய்தியானது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சார்ல்ஸ் குரோட் ஒரு துளையிடும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர், பங்குகளும் வைத்திருந்தவர். இதை அறிக்கையில் சொல்லவில்லை. பஃபலோவில் உள்ள ஒரு சிறிய கண்காணிப்பு அமைப்பு இதை வெளியே கொண்டுவந்தது. தனி விசாரணை நடந்தது, அவர் ஓய்வு பெற்றார், எரிசக்தி நிறுவனத்தின் தலைவரும் பதவி விலகினார். அதே ஆண்டு பஃபலோ பல்கலைக்கழகம் தன் ஷேல் ஆய்வு மையத்தையே மூடியது. ஆனால் முதல் நாள் வந்த தலைப்புச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் பின்னால் வந்ததைப் படித்திருப்பார்கள்?

மூன்றாவது, வாயை மூட வைப்பது. தண்ணீர் கெட்டவர்கள் வழக்குப் போட்டால் நிறுவனம் சமரசம் பேசும், பணம் தரும், வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கும். பென்சில்வேனியாவின் தென்மேற்கில் ஒரு குடும்பம் 2011இல் ஏழரை லட்சம் டாலருக்கு இப்படி ஒப்புக்கொண்டது. பேசக் கூடாது என்ற நிபந்தனை ஏழு வயது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று நீதிபதி முன்னாலேயே பேச்சு நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று நிறுவனம் பின்னாளில் சொன்னது உண்மை. என்றாலும், இப்படி ஒவ்வொரு வழக்கும் சீல் வைத்து மூடப்பட்டால் அந்தத் தகவல் எந்த ஆய்வாளர் கைக்கும் போகாது. 2012இல் பென்சில்வேனியா கொண்டுவந்த 13ஆம் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. நோயாளியின் சிகிச்சைக்காக ரசாயனக் கலவை என்ன என்று மருத்துவர் கேட்டால், வணிக ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில உச்ச நீதிமன்றம் அதை 2016இல்தான் ரத்து செய்தது.

அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் டாம் கார்பெட் எரிவாயுத் துறையிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் தேர்தல் நன்கொடை பெற்றவர். அவருக்கு முன்பே, முன்னாள் ஆளுநர் டாம் ரிட்ஜை எரிவாயு நிறுவனங்களின் கூட்டமைப்பு வருடத்துக்கு 9 லட்சம் டாலருக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டது. 2010இல் இன்னொன்று அம்பலமானது: மாநில உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம், ஃபிராக்கிங் எதிர்ப்புக் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன என்ற விவரத்தைப் பயங்கரவாத எச்சரிக்கை அறிக்கையில் சேர்த்து எரிவாயு நிறுவனங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் பற்றிப் பேசக் கூடிய விவசாயிகளும் பாட்டிமாரும் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள். ஆளுநர் எட் ரெண்டல் மன்னிப்புக் கேட்டார், இயக்குநர் பதவி விலகினார். அடுத்த வருடம் ஹியூஸ்டனில் நடந்த தொழில்துறைக் கூட்டத்தில், ராணுவத்தின் கிளர்ச்சி ஒடுக்கல் கையேட்டைப் படியுங்கள், நாம் எதிர்கொள்வது ஒரு கிளர்ச்சி என்று ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி பேசியது ஒலிப்பதிவாகவே வெளியே வந்தது.

மறு பக்கமும் சொல்லியாக வேண்டும். நிலக்கரிக்குப் பதில் எரிவாயு வந்ததால் அமெரிக்க மின் நிலையங்களின் கரிமப் புகை குறைந்தது உண்மை. பணம் பசுமை அமைப்புகளையும் விட்டுவைக்கவில்லை: சியரா கிளப் 2007 முதல் 2010 வரை, பெரும்பாலும் செசபீக் எனர்ஜி என்ற எரிவாயு நிறுவனத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து, நிலக்கரி எதிர்ப்புப் பிரச்சாரத்துக்காக 2 கோடியே 60 லட்சம் டாலர் வாங்கியிருந்தது. அப்புறம், எல்லைக்கு அந்தப் பக்கம் என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பர் இருக்கிறார். பால் விலை விழுந்து, பண்ணையை விற்றுவிடலாமா என்று அவருடைய அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு எரிவாயு நிறுவனத்தார் கதவைத் தட்டினார்கள். எடுக்கும் வாயுவில் நிலக்காரருக்கு வரும் பங்கான ராயல்டி வந்ததால்தான் நிலம் இன்னும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. நியூயார்க் பக்கம் என்னோடு பழகும் சில விவசாயிகள், தடையால் எங்கள் வாழ்வே போச்சு என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. நண்பர் ஒருநாள் ராயல்டி ரசீதைக் காட்டினார்: மொத்தத் தொகை, அதன் கீழே வாயுவை அழுத்தியதற்கு, சுத்தப்படுத்தியதற்கு, குழாயில் அனுப்பியதற்கு என்று வரிசையாகப் பிடித்தங்கள். பென்சில்வேனியா சட்டப்படி குறைந்தபட்ச ராயல்டி எட்டில் ஒரு பங்கு. பிடித்தங்கள் போக அவர் கைக்கு வந்தது அதற்கு வெகு கீழே.

இப்போது நீங்கள் கேட்ட "ஆளுக்கொரு ஆய்வு". இதே மண்ணில் நடந்த இரண்டு ஆய்வுகளையே எடுத்துக்கொள்வோம். 2011இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் சராசரியாக 17 மடங்கு அதிக மீத்தேன் இருந்தது என்றது. ஃபிராக்கிங் ரசாயனம் கலந்ததற்கான தடயம் இல்லை என்பதையும் அந்தக் கட்டுரையே சொன்னது. உடனே வந்த எதிர்வாதம்: இந்தப் பகுதியில் இயற்கையாகவே தண்ணீரில் மீத்தேன் உண்டு, துளையிடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று காட்டுங்கள். இதுவும் நியாயமே. ஆனால் அந்த முன்கூட்டிய அளவு யாரிடம் இருந்தது? வழக்கு வந்தால் தற்காத்துக்கொள்ள, துளையிடும் முன் வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்து வைத்திருந்த நிறுவனங்களிடம். 2015இல் சிரக்யூஸ் பேராசிரியர் டொனால்ட் சீகல் குழு 11,000க்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட மாதிரிகளைக் கொண்டு, மீத்தேனுக்கும் கிணற்றுத் தூரத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியது. தரவு கொடுத்தது செசபீக். அவருக்கு அந்த நிறுவனம் பணம் கொடுத்ததும், கட்டுரையாளர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்தவர் என்பதும் பிறகு திருத்தமாகத்தான் வெளிவந்தன. அதனாலேயே முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. தரவை யார் கையில் வைத்திருக்கிறாரோ, எதை எப்போது யாரிடம் தருவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார் என்கிறேன்.

இரண்டு மாநிலங்களும் பிரிந்த இடம் இதுதான். கெடுதல் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே துளையிடலாம் என்றது பென்சில்வேனியா. பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே வேண்டாம் என்றார் நியூயார்க்கின் அப்போதைய பொறுப்புச் சுகாதார ஆணையர் ஹோவர்ட் சக்கர். அப்படிப்பட்ட ஊரில் என் குழந்தைகளோடு குடியிருக்க மாட்டேன் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். தகவல் இல்லாத இடத்தில் ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

யாரை நம்புவது என்றால், யார் பணம், மூலத் தரவு பொதுவில் இருக்கிறதா, துளையிடுவதற்கு முந்தைய அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எந்த ஆய்வையும் படிக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் சொந்தக் கிணறுதான். இங்கே வீட்டுக் கிணறுகளுக்கு மத்தியக் குடிநீர்ச் சட்டம் பொருந்தாது, சோதனை நம் செலவு. சோதனைக்கூடத்திலிருந்து வந்தவர் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சின்னப் பாட்டிலை முழுக அமிழ்த்தி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடினார். மீத்தேனுக்கு நிறமும் மணமும் கிடையாது. பாட்டிலைத் திறந்து வைத்தால் பறந்துவிடும். உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வருவதாகப் பேச்சு வந்தாலே, முதல் இயந்திரம் இறங்கும் முன் மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஐந்தையும் சோதித்துவிடுங்கள். ஈத்தேன் சேர்ந்து வந்தால் அது ஆழத்து வாயுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனம் இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்றால் செய்யட்டும், ஆனால் சுதந்திரமான இன்னொரு கூடத்தில் நீங்களும் செய்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் முடிவுகளோடு சேர்த்து ஊர்ப் பொதுவில் வையுங்கள்.