இலையை விடுங்கள், தூரைப் பாருங்கள்

கேள்வி: ஆப்பிள் கன்றுகள் நட்டு மூன்றாவது வருடம். நாற்பதில் ஏழெட்டு மட்டும் சோர்ந்துவிட்டன. இலை சிறுத்து வெளிறி, மற்ற மரங்களுக்கு முன்னாலேயே சிவப்பேறுகிறது. பூஞ்சைக்கொல்லி இரண்டு முறை தெளித்தேன், யூரியாவும் வைத்தேன். எதற்கும் கேட்கவில்லை. என்ன நோய் இது?

பதில்: முதலில் யூரியாவை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் இலையில் தெரிகிறது, ஆனால் கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கும். வேர் உறிஞ்சாத மரத்துக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் மேலே ஏறாது. அந்த ஏழெட்டும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அடுத்தடுத்து, தண்ணீர் தேங்கும் தாழ்வான பக்கத்தில் என்றால் பாதி விடை கிடைத்த மாதிரி.

நாளைக்கே ஒரு களைக்கொத்தும் கூரான சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு போங்கள். செத்த மரம் வேண்டாம், அதில் பிறகு வந்து குடியேறிய பூஞ்சைகள்தான் நிறைய இருக்கும். சோர்ந்துகொண்டிருக்கிற மரமாகப் பார்த்து, தூரைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை விலக்கி, ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே பட்டையை நகத்தளவு சீவிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெள்ளையும் பச்சையுமாக இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. செம்பழுப்பாக இருந்து, நல்ல பட்டைக்கும் கெட்டதற்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை தெரிந்தால், பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை மாதிரியான மண் நுண்ணுயிரால் வரும் கழுத்தழுகல், அதாவது தூர்ப்பட்டை அழுகும் நோய் என்று சந்தேகிக்கலாம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தி வேருக்கு வருபவை, அதனால்தான் ஈரம் தேங்கும் இடத்தில் முதலில் பிடிக்கிறது. வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் செடி, எந்த ரகம் என்று நாற்றங்காலில் கேளுங்கள், எம்.எம்.106 என்ற ரகம் என்றால் அது இந்த அழுகலுக்குச் சீக்கிரம் இடம்கொடுக்கும்.

பட்டையைச் சுற்றி வட்டமாகக் கடித்து, சின்னச் சின்னப் பல்தடம் தெரிந்தால் எலி. மூடாக்கைத் தூரை ஒட்டிப் போட்டிருந்தால் அதற்கடியில்தான் தங்கும். தூரில் துளையும் மரத்தூளும் இருந்தால் துளைப்பான் புழு. கட்டிய கம்பியோ கயிறோ தண்டுக்குள் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. அப்புறம், இளந்தளிர் நுனி கருகிக் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அது பாக்டீரியாவால் வரும் தீக்கருகல், அதற்கு வைத்தியமே வேறு.

கழுத்தழுகல்தான் என்றால், விலக்கிய மண்ணை மூடாமல் தூரைக் காயவிடுங்கள், தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டுங்கள். பட்டை சுற்றிலும் செத்துப்போன மரம் பிழைக்காது, மனசு கேட்காதுதான், ஆனாலும் வேரோடு எடுத்துவிடுங்கள். அதே குழியில் உடனே அடுத்த ஆப்பிள் கன்றை வைக்காதீர்கள். உறுதிப்படுத்த ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், நல்லதும் கெட்டதும் சேரும் எல்லையில் வெட்டிய பட்டைத் துண்டு, சல்லிவேர், கொஞ்சம் வேர்மண் மூன்றையும் காயவிடாமல், வெயில் படாமல் அன்றைக்கே அனுப்புங்கள்.